குழந்தை ஆணா பெண்ணா என்று தெரியாதபோது எது அவசரம், எது அவசரமில்லை

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கைக்குத் தலைப்பிரசவம். குழந்தை பிறந்து ஆறு நாள். பிரசவ அறையில் ஆண் குழந்தை என்றார்கள். மறுநாள் குழந்தை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "உறுப்பு சரியா உருவாகலை, ரெண்டு விதையும் இறங்கலை, ஆணா பெண்ணான்னு இப்ப உறுதியா சொல்ல முடியாது" என்றிருக்கிறார். சின்ன வயதிலேயே ஆபரேஷன் செய்து ஏதாவது ஒரு பக்கமாக ஆக்கிவிட்டால் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று சொந்தக்காரர் ஒருவர் யோசனை சொல்கிறார். எந்தப் பக்கம் ஆக்குவது, எங்கே செய்வது, வளர்ந்தபின் திருநங்கையாகிவிடுமா என்று மூன்று கேள்விகள். தங்கையும் மாப்பிள்ளையும் அத்தை மகன், மாமன் மகள் என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில், "ரெண்டு நாளா பால் சரியா குடிக்கலை, எடையும் குறைஞ்சிருக்கு" என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரிக்குத்தான் முதல் பதில். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இப்போதே கிளம்புங்கள். பச்சிளங்குழந்தை ஐசியூ இருக்கும் மருத்துவமனையாக இருக்கட்டும், பக்கத்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி என்றாலும் சரி. போனதும் "சோடியம், பொட்டாசியம், சர்க்கரை மூன்றையும் உடனே பாருங்கள், சிஏஎச் இருக்குமோ என்று சந்தேகம்" என்று சொல்லுங்கள். சிஏஎச் என்றால் என்ன என்பதையும் மீதியையும் அங்கே வராண்டாவில் உட்கார்ந்து படிக்கலாம்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. பிறந்த குழந்தை முதல் வாரத்தில் கொஞ்சம் இளைப்பது வழக்கம்தான். பத்து சதவீதம் வரை குறைந்து, இரண்டாவது வாரத்தில் தேறிவிடும். வேறு குழந்தையாக இருந்தால் "பால் நல்லா ஊறட்டும், பார்க்கலாம்" என்றிருப்பேன். ஆனால் உறுப்பு தெளிவில்லாமல், இரண்டு விதையும் கையில் தட்டுப்படாமல் பிறந்த குழந்தை பால் குடிக்கச் சுணங்கினால், குழந்தைகள் ஹார்மோன் பிரிவில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்கள் சிஏஎச் என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவோம். அது இல்லை என்று ரத்தம் சொன்ன பிறகே ஆசுவாசம்.

சிஏஎச் என்பது பிறவியிலேயே அட்ரினல் சுரப்பியில் வரும் கோளாறு. சிறுநீரகத்தின் உச்சியில் இருக்கும் இந்தச் சுரப்பி மூன்று வகைச் சரக்கைத் தயாரிக்கிறது. ஒன்று, நோய் நொடி வந்தால் உடம்பைத் தாங்கும் கார்ட்டிசால். இரண்டு, உப்பை உடம்பில் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோன். மூன்று, கொஞ்சம் ஆண் ஹார்மோன். 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி இல்லாமல் போனால் முதல் இரண்டும் தயாராகாது. அவற்றுக்கான மூலப்பொருள் முழுக்க ஆண் ஹார்மோன் பக்கம் திரும்பிவிடும். கருவில் இருப்பது பெண் குழந்தை என்றால் கருப்பை, சினைப்பை எல்லாம் உள்ளே ஒழுங்காக உருவாகியிருக்கும். வெளியே மட்டும் கிளிட்டோரிஸ் பெரிதாகி, இரண்டு பக்க இதழ்களும் ஒட்டி, பார்ப்பவருக்கு "விதை இறங்காத ஆண் குழந்தை"யாகத் தெரியும். பிரசவ அறையில் நர்ஸ் ஆண் என்று சொன்னதில் தப்பில்லை, கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

நாங்கள் பார்ப்பது எப்படி என்றால், விரல்களை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, அடிவயிற்றின் ஓரத்திலிருந்து தொடை இடுக்கு வழியாகக் கீழே மெதுவாகத் தடவி வருவோம். விதை இருந்தால் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஏதோ ஒன்று விரலுக்கடியில் உருண்டு நழுவும். இரண்டு பக்கமும் எதுவும் தட்டுப்படவில்லை என்றால், அந்தக் குழந்தையை ஆண் என்று யாரும் எழுதக் கூடாது. அடுத்து நிறம் பார்ப்போம். சிஏஎச் என்றால் பிறப்புறுப்பும் மார்புக் காம்பும் வழக்கத்துக்கு மேல் கறுத்திருக்கும். நம்மூர் நிறத்தில் "அப்பா மாதிரி கறுப்பு" என்று அது சாதாரணமாகக் கடந்துபோய்விடும். பிறகு ஒரு ஸ்கேன். உள்ளே கருப்பை இருக்கிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். குரோமோசோம் சோதனைக்கு நாள் பிடிக்கும், 17-ஓஎச்பி என்ற ஹார்மோன் அளவும் வெளி லேபிலிருந்து வர நேரமாகும். குழந்தை வாடியிருந்தால் அதற்கெல்லாம் காத்திருக்க மாட்டோம். ரத்தத்தை எடுத்துவைத்துவிட்டு உப்புத் திரவத்தையும் ஹைட்ரோகார்ட்டிசோனையும் ஏற்றிவிடுவோம்.

காத்திருந்தால் என்ன ஆகும்? உப்பைப் பிடிக்க ஆளில்லாததால் சிறுநீரோடு சோடியம் போய்க்கொண்டே இருக்கும், பொட்டாசியம் ரத்தத்தில் ஏறும். பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில், சில நேரம் முதல் வாரக் கடைசியிலேயே, குழந்தை பால் மறுக்கும், வாந்தி எடுக்கும், துவண்டுபோகும். பொட்டாசியம் எல்லை மீறினால் இதயம் நின்றுவிடும். முழுமையான சிஏஎச் உள்ளவர்களில் நான்கில் மூன்று பேருக்கு இந்த உப்பு இழப்பு உண்டு. ஆண் குழந்தைக்கு சிஏஎச் வந்தால் உறுப்பு சாதாரணமாகவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டாவது வாரத்தில் "செப்சிஸ்" (ரத்தத்தில் கிருமித் தொற்று) என்று எழுதி அந்தக் குழந்தைகளை அடக்கம் செய்துவிடுகிறோம். பெண் குழந்தைக்கு உறுப்பு வேறுமாதிரி இருப்பது ஒருவகையில் அதன் உயிரைக் காப்பாற்றும் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு ஆபரேஷனைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

இது எங்கேயோ யாருக்கோ வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்குப் பரிசோதனை செய்தபோது, மொத்தத்தில் 5,762 பேருக்கு ஒருவர் என்று சிஏஎச் இருந்தது. சென்னையில் மட்டும் 2,036 பேருக்கு ஒருவர். ஐந்து நகரங்களில் அதுதான் அதிகம். சொந்தத்தில் கட்டும் வழக்கம் இங்கே அதிகம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுதான மரபணுவும் சேர்ந்தால்தான் இந்த நோய் வரும். ஒரே தாத்தா பாட்டியின் பேரன் பேத்தி கட்டிக்கொள்ளும்போது அப்படிச் சேரும் வாய்ப்பு கூடும். இதை வைத்து வீட்டில் யாரையும் குற்றம் சொல்லாதீர்கள், முக்கியமாகத் தங்கையை. அவர் கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்ட எதனாலும், பார்த்த எந்தக் கிரகணத்தாலும் இது வரவில்லை.

மருத்துவம் இதை முதலில் கண்டது ஒரு பிணப் பரிசோதனையில். 1865இல் நேப்பிள்ஸ் நகரத்தில் லூயிஜி தெ கிரெக்கியோ என்ற மருத்துவர் ஜுசெப்பே மார்ஸோ என்பவரின் உடலை அறுத்துப் பார்த்தார். பிறந்தபோது மருத்துவச்சி பெண் என்றாள். நான்கு வயதில் ஓர் அறுவை மருத்துவர் பார்த்துவிட்டு, விதை இறங்காத ஆண் என்று மாற்றிச் சொன்னார். அதற்குப் பிறகு மார்ஸோ ஆணாகவே உடுத்தி, ஆணாகவே வாழ்ந்து, நாற்பது வயதுக்கு மேல் வாந்தியும் பேதியுமாகக் கிடந்து இறந்துபோனார். வயிற்றைத் திறந்தால் கருப்பை, கருக்குழாய், சினைப்பை எல்லாம் இருந்தன. அட்ரினல் சுரப்பிகள் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. தெ கிரெக்கியோ எல்லாவற்றையும் வரி வரியாக எழுதிவைத்தார், ஆனால் அந்தச் சுரப்பிக்கும் அந்த வாந்திக்கும் உள்ள தொடர்பு புரிய இன்னும் எண்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மார்ஸோ ஆணாக வாழ்ந்ததில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை என்பதையும் கவனியுங்கள். அவரைக் கொன்றது உடம்பில் கார்ட்டிசால் இல்லாதது.

1950இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் லாசன் வில்கின்ஸ், அப்போதுதான் புதிதாக வந்திருந்த கார்ட்டிசோனைக் கொடுத்தால் இந்தக் குழந்தைகள் தேறுகிறார்கள் என்று காட்டினார். குழந்தைகள் ஹார்மோன் மருத்துவம் என்ற துறைக்கே அவர்தான் அடித்தளம் போட்டவர். அதே வில்கின்ஸ் அடுத்த வருஷம் தன் பிரிவுக்கு ஓர் உளவியலாளரைச் சேர்த்துக்கொண்டார். அவர் பெயர் ஜான் மனி. மருந்து எந்த வார்டிலிருந்து வந்ததோ, அதே வார்டிலிருந்துதான் இன்றைக்கு உங்கள் சொந்தக்காரர் சொல்லும் யோசனையும் கிளம்பியது.

மனியின் கணக்கு இதுதான். பிறக்கும்போது குழந்தையின் மனம் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. எப்படி வளர்க்கிறோமோ அப்படி ஆகும். ஆனால் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் முடிவு செய்து, உறுப்பையும் அதற்கு ஏற்றபடி திருத்திவிட வேண்டும், பெற்றோர் மனதில் துளியும் சந்தேகம் இருக்கக் கூடாது, குழந்தையிடம் எதுவும் சொல்லக் கூடாது. 1955 முதல் அவரும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரைகள் உலகம் முழுக்கப் பாடமாயின. ஆணுறுப்பைக் கட்டி எழுப்புவதைவிடப் பெண்ணுறுப்பாக்குவது அறுவை மருத்துவருக்குச் சுலபம் என்பதால், சந்தேகம் வந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்களைப் பெண் பக்கம் தள்ளினார்கள். கையில் இருக்கும் கத்திக்கு எது வசதியோ அதுவே குழந்தையின் பால் ஆயிற்று.

அந்தக் கொள்கைக்குக் கிடைத்த பெரிய சாட்சி இடைபால் குழந்தையே இல்லை, அதாவது இப்படி உறுப்பு தெளிவில்லாமல் பிறந்த குழந்தை இல்லை. கனடாவின் வின்னிபெக்கில் 1965இல் பிறந்த இரட்டை ஆண் குழந்தைகளில் ஒருவனுக்கு, எட்டு மாதத்தில், சிறுநீர் கழிக்கச் சிரமம் என்று முன்தோல் நீக்கும்போது மின்கருவியால் ஆணுறுப்பு கருகிப்போனது. பெற்றோர் மனியிடம் போனார்கள். 1967இல், 22 மாதக் குழந்தையாக இருந்தபோது, விதைகளை நீக்கி, பிரெண்டா என்ற பெயரில் பெண்ணாக வளர்க்கச் சொன்னார். கூடவே பிறந்த அண்ணன் தம்பி ஒப்பிட்டுப் பார்க்க இருந்ததால் ஆராய்ச்சிக்கு இதைவிடத் தோதான கேஸ் கிடைக்காது. கேஸ் வெற்றி என்று மனி எழுதினார். வீட்டில் அந்தக் குழந்தை கவுனைக் கிழித்துக்கொண்டிருந்தது. 1980இல், 14 வயதில், அப்பா உண்மையைச் சொன்னதும், டேவிட் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆணாக வாழத் தொடங்கியது. ஆரம்பத்திலிருந்தே மனியை மறுத்துவந்த மில்டன் டயமண்ட் 1997இல் இதை வெளிக்கொண்டுவரும் வரை, உலகத்து மருத்துவக் கல்லூரிகள் அந்த "வெற்றி"யை நம்பிக் குழந்தைகளை மேஜையில் கிடத்திக்கொண்டிருந்தன. டேவிட் ரெய்மர் 2004இல் தற்கொலை செய்துகொண்டார். அப்போது அவருக்கு 38 வயது.

டேவிட்டின் கதையை வைத்து "எல்லாம் மரபணுதான், வளர்ப்பு ஒன்றுமில்லை" என்று எதிர்ப்பக்கம் சாய்பவர்களும் உண்டு. அதுவும் சரியில்லை. அந்த ஒரு கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: குழந்தை பின்னால் தன்னை என்னவாக உணரும் என்று 22 மாதத்தில் யாராலும் சத்தியம் செய்ய முடியாது, வெட்டியதை ஒட்டவும் முடியாது.

அறுவைக்கு ஆளானவர்களே வளர்ந்து வாய் திறந்தபோதுதான் காற்று திரும்பியது. 1993இல் அமெரிக்காவில் அவர்களுக்கென்று ஓர் அமைப்பு உருவானது. 1996 அக்டோபர் 26 அன்று பாஸ்டன் நகரில் குழந்தை மருத்துவர்களின் மாநாட்டு வாசலில் நின்று அவர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். இப்போது அந்தத் தேதியை இடைபால் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். 2003இல் லண்டன் மருத்துவர்கள் வளர்ந்த பெண்களைக் கேட்டு ஒரு கணக்கெடுத்தார்கள். சிறுவயதில் கிளிட்டோரிஸில் அறுவை செய்யப்பட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு உடலுறவில் உச்சம் என்பதே கிடைக்கவில்லை. அறுவை செய்யாதவர்களில் அந்தக் குறை ஒருவருக்கும் இல்லை. மொத்த எண்ணிக்கை சின்னதுதான், முப்பதுக்கும் கீழே. ஆனாலும் "குழந்தைக்கு எதுவும் தெரியாது" என்ற பேச்சுக்கு இதைவிட நேரான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. குழந்தைக்குத் தெரியாதுதான், இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குத் தெரியும். பச்சைக் குழந்தையில் செய்த யோனிப்பாதை வளர வளரச் சுருங்கிப்போய், பருவம் வந்ததும் மறுபடி மேஜையேறும் பெண்களும் பலர். 2005இல் சிகாகோவில் பல நாட்டு நிபுணர்கள் கூடி, அவசர அறுவை வேண்டாம், உண்மையை மறைக்க வேண்டாம், உளவியலாளரும் சேர்ந்த குழுதான் முடிவெடுக்க வேண்டும் என்று பழைய நடைமுறையைத் திருத்தி எழுதினார்கள்.

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன். தூத்துக்குடியில் 2018 அக்டோபரில் ஒரு கோயிலில் அருண்குமார் என்பவரும் ஸ்ரீஜா என்ற திருநங்கையும் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவு செய்ய அலுவலகம் மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பின் கடைசிப் பகுதியில், வழக்கில் யாரும் கேட்காமலே, இடைபால் குழந்தைகளுக்குப் பாலை மாற்றும் அறுவையைத் தடை செய்ய அரசுக்கு உத்தரவிட்டார். அதே வருஷம் ஆகஸ்டில் சுகாதாரத் துறை அரசாணை போட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு, அதையும் அறுவை மருத்துவர் தனியாகத் தீர்மானிக்க முடியாது, குழு பார்க்க வேண்டும். இந்தியாவில் இப்படி ஒரு தடையை முதலில் கொண்டுவந்தது தமிழ்நாடுதான். உலகத்திலேயே மால்டா போன்ற ஓரிரு இடங்களில்தான் அதற்கு முன் இருந்தது.

ஆகவே "எங்கே ஆபரேஷன் செய்வது" என்ற கேள்விக்குப் பதில்: இப்போது எங்கேயும் இல்லை. தமிழ்நாட்டில் செய்வதாக யாராவது தேதி கொடுத்தால் அரசாணையைச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து மாநிலத்துக்குப் போய்ச் செய்துகொண்டு வருகிறோம் என்று சிலர் கிளம்புகிறார்கள். அங்கே போனாலும் அறுபடுவது அதே நரம்புதான். செய்தே ஆக வேண்டிய அறுவைகளும் உண்டு, மறைக்கவில்லை. சிறுநீர் வெளியேற வழியில்லாமல் அடைத்திருந்தால் செய்ய வேண்டும். ஒய் குரோமோசோம் இருந்தும் சரியாக உருவாகாத விதையில் பிற்காலத்தில் கட்டி வரும் ஆபத்து சில வகைகளில் அதிகம், அதற்கு எப்போது எடுப்பது என்று தனியாகக் கணக்கிடுவோம். சிஏஎச் உள்ள பெண்களிலேயே, சிறுவயதில் செய்ததுதான் எனக்கு நல்லதாயிற்று என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் நான் தள்ளவில்லை. ஆனால் பதினெட்டு வயதில் தானே கேட்டுச் செய்துகொள்ள வழி இருக்கிறது. மாறாக, கேட்காமல் செய்ததைத் திரும்பக் கொடுக்க வழியில்லை. அதனால் நான் தடையின் பக்கம்தான்.

"எந்தப் பக்கமாக வளர்ப்பது" என்ற கேள்வி வேறு. அதற்குக் கத்தி தேவையில்லை, நோயின் பெயர் தெரிய வேண்டும். சிஏஎச் உள்ள எக்ஸ்எக்ஸ் (பொதுவாகப் பெண்ணுக்கு இருக்கும் குரோமோசோம் ஜோடி) குழந்தை என்றால் பெண்ணாக வளர்க்கச் சொல்வோம். அப்படி வளர்ந்த 250 பேரைப் பற்றிய தொகுப்பில் கிட்டத்தட்ட 95 சதவீதம் பேர் தங்களைப் பெண்ணாகவே உணர்ந்தார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் மாதவிடாய் வரும், பிள்ளையும் பெறலாம். எக்ஸ்ஒய் (பொதுவாக ஆணுக்கு இருக்கும் ஜோடி) குழந்தையாக இருந்து, உடம்பு ஆண் ஹார்மோனை முழுக்க ஏற்காத வகை என்றால், வெளியே முழுப் பெண்ணாகவே இருப்பார், பெண்ணாகவே உணர்வார். பெரும்பாலும் பதினாறு வயதில் வயதுக்கு வரவில்லையே என்று அழைத்துவரும்போதுதான் தெரியும். 5-ஆல்பா ரிடக்டேஸ் என்ற, ஆண் ஹார்மோனை இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாற்றும் நொதியின் குறைபாடு இதற்கு நேர்மாறு. டொமினிகன் குடியரசில் சலினாஸ் என்ற கிராமத்தில் பெண்ணாக வளர்ந்த சிலர் பருவம் வந்ததும் குரல் உடைந்து, ஆணுறுப்பு வளர்ந்து ஆணானார்கள். 1970களில் ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி குழு அங்கே பெண்ணாகவே வளர்க்கப்பட்ட 18 பேரைப் பார்த்ததில் 17 பேர் பின்னால் தங்களை ஆணாக உணர்ந்தார்கள். (முடி கொட்டாமல் இருக்கச் சாப்பிடும் ஃபினாஸ்டரைடு மாத்திரை, அந்தக் கிராமத்து ஆட்களுக்கு ப்ராஸ்டேட் பெருக்காததைப் பார்த்துப் பிறந்த மருந்து.) இந்த வகைக் குழந்தைக்கு ஆறாவது நாளிலேயே பெண் என்று அறுவை செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே தெளிவாகச் சொல்ல முடியாத வகைகளும் உண்டு. அப்போது, இருக்கும் தகவலை வைத்து ஒரு பக்கமாக வளர்ப்போம், குழந்தை பேசத் தொடங்கியபின் அது சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொள்வோம்.

மூன்றாவது கேள்வியில் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. இடைபால் என்பது பிறக்கும்போதே உடலமைப்பில் உள்ள வேறுபாடு. திருநங்கை, திருநம்பி என்பது ஒருவர் தன்னை என்னவாக உணர்கிறார் என்பது, பெரும்பாலும் அவர்கள் உடலமைப்பில் எந்தக் குழப்பமும் இருக்காது. 2019 ஆண்டின் திருநர் சட்டம் இரண்டு பேரையும் ஒரே வரையறைக்குள் போட்டுவிட்டதால் குழப்பம் கூடியிருக்கிறது. உங்கள் வீட்டுக் குழந்தை வளர்ந்து தன்னைத் திருநங்கை, திருநம்பி என்று சொல்லும் வாய்ப்பு எந்தக் குழந்தைக்கும் உண்டு, இதற்குச் சற்றே கூடுதல் என்றும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு இப்போது அறுவை தடுப்பு மருந்தாகாது. "அவங்க வந்து பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்று பக்கத்து வீட்டில் கிளப்பினால், அந்தப் பேச்சை வாசலிலேயே நிறுத்துங்கள். யாரும் வரமாட்டார்கள். பிள்ளை வீட்டைவிட்டுப் போவது வீட்டுக்குள் இருப்பவர்கள் துரத்தும்போதுதான்.

ஊருக்கு என்ன சொல்வது என்பதுதான் உண்மையில் உங்கள் தங்கை தூங்காமல் இருப்பதற்குக் காரணமாக இருக்கும். "குழந்தைக்கு உப்புக் குறையுது, ஹார்மோன் டெஸ்ட் எடுத்திருக்கு, ரிசல்ட் வரணும்" என்று சொல்லுங்கள். பொய் ஒன்றும் இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டுபவர், துணி மாற்றுபவர் யார் யாரோ அவர்களிடம் மட்டும் முழுசாகச் சொல்லுங்கள், இரண்டு மூன்று பேருக்கு மேல் தேவைப்படாது. தொட்டில் போடும்போது பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று பாட்டி நின்றால் மதி, ஜோதி, அன்பு, முத்து, செல்வம் என்று இரண்டு பக்கமும் போகும் பெயர் நம்மிடம் ஏராளம். பிறப்பைப் பதிய 21 நாள் இருக்கிறது, பெயரை ஒரு வருஷம் வரை கட்டணமில்லாமல் பின்னால் சேர்க்கலாம். அதனால் ரிசல்ட் வரும் வரை பதிவுத் தாளை அனுப்ப வேண்டாம் என்று மருத்துவமனையிடம் கேளுங்கள்.

இன்னொன்று. குழந்தையின் உறுப்பைப் பார்க்க மாணவர்களைக் கூட்டமாக அழைத்துவந்தாலோ, யாராவது செல்போனில் படம் எடுத்தாலோ, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தாய்மாமன் என்ற முறையில் அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், தங்கை இப்போது பேசும் நிலையில் இருக்க மாட்டார். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவருடைய உடம்பைப் பற்றிய விவரம் அவரைத் தவிர எல்லோர் வாயிலும் அடிபட்டது. மருத்துவ விவரம் அந்தக் குழந்தைக்குச் சொந்தம், ஃபைலைப் பத்திரமாக வைத்திருங்கள். ஏழெட்டு வயதிலிருந்து அதற்குப் புரிகிற மொழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவாருங்கள். ஒரே நாளில் உட்காரவைத்துச் சொல்லும் ரகசியமாக அதை வளர்க்காதீர்கள்.

சிஏஎச் என்று உறுதியானால் மருந்து ஆயுள் முழுக்க. ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை மூன்று வேளையாகப் பிரித்து, பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து கொடுக்கச் சொல்வார்கள். ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் தினமும் உண்டு, முதல் வருஷத்தில் அளந்து கொஞ்சம் உப்பும் உண்டு. "ஸ்டீராய்டு, குழந்தை ஊதிப்போகும்" என்று யாராவது பயமுறுத்தி நிறுத்தச் சொல்வார்கள். இது உடம்பு தானே தயாரிக்க வேண்டியதை வெளியிலிருந்து கொடுப்பது, நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. நாட்டு மருந்துக்கு மாற்றிப் பார்க்கலாம் என்ற யோசனைக்கும் இதே பதில். ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது, எப்போதும் ஒரு மாதத்துக்குக் கூடுதலாக வாங்கிவையுங்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் இதற்கென்று பிரிவு இருக்கிறது. அங்கே ஒருமுறை காட்டித் திட்டம் வாங்கிக்கொண்டு, ரத்தம் பார்ப்பதை ஊரிலேயே தொடரலாம்.

அடுத்த குழந்தைக்கு இது வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசனைக்குப் போவது நல்லது, அடுத்து பிறப்பது பையனாகவே தெரிந்தாலும் முதல் வாரத்தில் சோடியம் பார்க்க வேண்டும்.

காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவை இரண்டு, மூன்று மடங்காக்க வேண்டும். எவ்வளவு என்று மருத்துவர் எழுதிய சீட்டைப் பீரோவில் வைக்காமல் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். வாந்தியில் மாத்திரை நிற்கவில்லை என்றால் தொடையில் போடும் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி ஒன்று வீட்டு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதை எப்படிக் கலந்து எப்படிப் போடுவது என்று டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே வார்டு நர்ஸிடம் கற்றுக்கொள்ளுங்கள். தங்கையும் மாப்பிள்ளையும் கூச்சப்பட்டால் முதலில் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.